கணக்கில் ஏறாத நோவு: இடுப்புத்தளத் தசையின் கதை

சிவசைலத்து மலையிலிருந்து இறங்கி வரும் கடனா நதி, ஆழ்வார்குறிச்சியைத் தொட்டுக்கொண்டு ஓடி, திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு கலக்கிறது. 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இந்த ஊர் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆழ்வார்குறிச்சி, கடையம், முக்கூடல் வட்டாரத்தில் மத்தியான நேரம் தெருவில் நடந்து போனால், திண்ணையிலும் வீட்டு நடையிலும் பெண்கள் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. எழுந்து நடமாடினால் அந்தக் கணக்கு குறையும். புகையிலைத் தூளோ இருமலைக் கிளப்பிக்கொண்டே இருக்கும்.

இருமும்போது இரண்டு சொட்டுச் சிறுநீர் கசிந்துவிடுகிறது என்பதை அந்தப் பெண்களில் ஒருத்தி யாரிடம் சொல்வாள்? புருஷனிடம் சொல்ல மாட்டாள். டாக்டரிடம் போனால் இருமலுக்கு மருந்து கேட்பாளே தவிர இதைச் சொல்ல மாட்டாள். பக்கத்து வீட்டு மதினியிடம் சொன்னால், "நாலு புள்ள பெத்தா அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். பஸ்ஸில் தூரப் பயணம் போக மாட்டாள்.

இந்தக் கசிவைத் தடுத்து நிறுத்துவது உடம்பில் இருக்கும் ஒரு தசைத் தொகுதி. அதன் பெயரே பலருக்குத் தெரியாது. மருத்துவ வரலாற்றிலும் ரொம்ப காலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த தசை அது. அந்த வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தூளி மாதிரி ஒரு தசை

இடுப்பெலும்பு ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொண்டால், அது அடியில்லாத கிண்ணம். மேலே வயிற்றுக்குள் இருக்கும் பாரம் முழுவதும் அந்த ஓட்டை வழியாகக் கீழே இறங்கப் பார்க்கும். அதைத் தாங்குவதற்கு முன்பக்கம் பூப்பெலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரை, குழந்தைக்குக் கட்டும் தூளியைப் போல ஒரு தசை விரிந்து தொங்குகிறது. இதுதான் இடுப்புத்தளம். இதன் முக்கியமான பகுதிக்கு லெவேட்டர் ஏனை என்று பெயர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் இந்தத் தூளியின் மேல்தான் இருக்கின்றன.

தூளியின் நடுவே ஒரு இடைவெளி உண்டு. சிறுநீர்க்குழாயும் பிறப்புவழியும் மலக்குடலும் அதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. தாங்கவும் வேண்டும், வழியும் விட வேண்டும். இந்த இரட்டை வேலைதான் இந்தத் தசையின் பெருமை, பலவீனமும் அதுவேதான்.

கை கால் தசைகள் வேலை இருக்கும்போது மட்டும் இறுகும். இந்தத் தசை அப்படி அல்ல. நாம் உட்கார்ந்திருந்தாலும் நின்றாலும் லேசான இறுக்கத்திலேயே இருக்கும். இருமல், தும்மல், சிரிப்பு, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது என்று வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும் ஒவ்வொரு தடவையும் நாம் நினைக்காமலே கூடுதலாக இறுகும்.

தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். சிமெண்ட் தரையில் போட்டு மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதே குழாயைச் சேற்றில் போட்டு மிதித்தால் குழாய் அமுங்குமே ஒழிய தண்ணீர் நிற்காது. சிறுநீர்க்குழாய்க்கு அடியில் இடுப்புத்தளம் கெட்டியாக இருந்தால், இருமும்போது வரும் அழுத்தமே குழாயை நசுக்கி அடைத்துவிடும். தளம் தளர்ந்தால் அது சேற்றில் கிடக்கும் குழாய்தான். மிச்சிகனைச் சேர்ந்த ஜான் டெலான்சி என்ற மகப்பேறு மருத்துவர் இந்த விளக்கத்தை 1994இல் தெளிவாக முன்வைத்தார்.

பின்பக்கத்தில் இதே தசையின் ஒரு பட்டை மலக்குடலை வளைத்து முன்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த வளைவு இருக்கும்வரை மலம் தானாக இறங்காது. குத்துக்கால் வைத்து உட்காரும்போது வளைவு நேராகிறது.

யோகிகளுக்குத் தெரிந்திருந்தது

இந்தத் தசையை நினைத்தபோது இறுக்க முடியும் என்பது நம் நாட்டில் பழைய சங்கதி. சுமார் 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகையில் மூலபந்தம் சொல்லப்பட்டிருக்கிறது. குதிகாலால் அடிப்பகுதியை அழுத்தி, ஆசனவாயைச் சுருக்கி, அபானனை மேலே இழுக்க வேண்டும் என்பது அதன் முறை. இன்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியில் இறுக்குவதும் பெரும்பாலும் அதே தசையைத்தான்.

ஆனால் இதை வைத்து "நம் முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும்" என்று முடித்துவிட முடியாது. யோகியின் நோக்கம் குண்டலினி, சிறுநீர்க் கசிவு அல்ல. அந்த நூல் பேசியதும் சாதகனைப் பார்த்துத்தான், நாலு பிள்ளை பெற்ற பெண்ணைப் பார்த்து அல்ல. வித்தை தெரிந்திருந்தது, ஆனால் அது தேவைப்பட்ட ஆளிடம் போய்ச் சேரவில்லை.

பிள்ளை பெற்ற வீட்டில் வேறு வைத்தியம் நடந்தது. வெந்நீர் ஊற்றுவது, மருந்து கிண்டிக் கொடுப்பது, வயிற்றைச் சுற்றிச் சேலையை இறுக்கிக் கட்டுவது. நாற்பது நாள் ஓய்வு கிடைத்த வீட்டில் அந்த ஓய்வு நல்லதுதான். வயிற்றுக்கட்டு இடுப்புக்கு ஆதரவாக இருந்திருக்கலாம். ஆனால் வயிற்றை இறுக்குவதால் கீழே இருக்கும் தளம் வலுப்படுவதில்லை. அதோடு நாற்று நடப் போக வேண்டிய பெண்ணுக்கு நாற்பது நாள் யார் கொடுத்தார்கள்?

சென்னை, 1844 முதல்

தமிழ்நாட்டில் பிரசவத்தை மருத்துவம் கையில் எடுத்த கதை எழும்பூரில் ஆரம்பிக்கிறது. அங்கே உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கப்பட்டது. ஆனால் ஆஸ்பத்திரி இருந்தும் ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று எத்தனையோ குடும்பங்கள் ஒதுங்கி நின்றன.

மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலப் பெண்மணி, வக்கீலாக இருந்த கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்தார். கோஷா பெண்கள் பிரசவத்தில் வைத்தியமில்லாமல் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, தானே மருத்துவம் படிப்பது என்று முடிவு செய்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி அவரையும் இன்னும் மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பெண்களுக்குக் கதவைத் திறக்க உலகின் பல கல்லூரிகள் மறுத்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி வந்த ஷார்லிப்பின் முயற்சியால் 1885இல் கோஷா மருத்துவமனை உருவானது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று இருப்பது அதுதான்.

ஐடா ஸ்கடரின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவியும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் வரக்கூடாது என்றார்கள். ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். படித்துத் திரும்பிய ஐடா 1900இல் வேலூரில் சிறிதாக மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய முத்துலட்சுமி ரெட்டி வந்ததும் இந்த வரிசையில்தான்.

இவர்கள் எல்லோரையும் உலுக்கியது மரணம். அதில் தப்பில்லை, அப்போது அதுதான் முதல் எதிரி. ஆனால் அந்தத் திண்டிவனம் இரவை இன்னொரு விதமாகவும் யோசித்துப் பார்க்கலாம். அதே மாதிரி நாள் கணக்கில் வலியில் கிடந்து, கடைசியில் எப்படியோ உயிர் தப்பிய பெண்களுக்கு என்ன ஆனது?

தப்பியவர்களின் கதை

குழந்தையின் தலை வழியில் சிக்கிக்கொண்டு இரண்டு மூன்று நாள் வலி நீடித்தால், தலைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் மாட்டிய சதைக்கு ரத்தம் போகாது. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையில் இருக்கும் சுவர் செத்துப்போகும். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். சில நாளில் செத்த சதை உதிர்ந்து துளை விழும். இதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அதன் பிறகு சிறுநீர் நிற்கவே நிற்காது. இரவும் பகலும் ஒழுகும். உடம்பில் வாடை வரும். புருஷன் வீட்டிலிருந்து தள்ளி வைக்கப்படுவாள். பிள்ளையும் இல்லை, வீடும் இல்லை. பிரசவ மரணம் என்ற கணக்கில் அவள் வர மாட்டாள், ஏனென்றால் அவள் சாகவில்லை.

இதற்கு நம்பகமான அறுவை சிகிச்சை கிடைத்த கதை ரொம்பக் கசப்பானது. அமெரிக்காவின் அலபாமாவில் ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் 1845 முதல் 1849 வரை அடிமைப் பெண்கள் மீது மயக்க மருந்து கொடுக்காமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து பார்த்தார். அனார்க்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் சுமார் 30 தடவை. கடைசியில் வெள்ளிக் கம்பியால் தைத்து வெற்றி கண்ட சிம்ஸ் 1852இல் அதை வெளியிட்டுப் புகழ் பெற்றார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2018 ஏப்ரலில் அந்தச் சிலை அகற்றப்பட்டது. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பெண்களுக்கு உதவிய ஒரு சிகிச்சை, சம்மதம் சொல்லும் உரிமையே இல்லாத பெண்களின் உடம்பில் கற்றுக்கொள்ளப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

திருநெல்வேலி ஜில்லாவுக்கு வருவோம். சென்னையில் 1835இலிருந்து மருத்துவக் கல்வி இருந்தது. மதுரை மருத்துவக் கல்லூரி வந்தது 1954இல். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல்தான் வந்தது. ஊர்க்காரர்கள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று சொல்லும் பாளையங்கோட்டை மருத்துவமனை ஆழ்வார்குறிச்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவில் தலை சிக்கிக்கொண்ட பிரசவத்துக்கு, மாட்டுவண்டிக் காலத்தில் அது எட்டாத தூரம்.

யாருடைய உறுப்பு?

ஃபிஸ்டுலா கண்ணுக்குத் தெரியும் துளை. அதனால் அறுவை சிகிச்சையின் கண்ணில் பட்டது. துளை விழாமல், தளம் மட்டும் தளர்ந்தால்? கர்ப்பப்பை இறங்கும், இருமினால் கசியும். இது மெதுவாக வருவது.

இங்கேதான் ஒரு விசித்திரம். சிறுநீர்ப்பை ஒரு டாக்டருக்குப் போயிற்று. கருப்பை இன்னொரு டாக்டருக்கு. மலக்குடல் மூன்றாவது டாக்டருக்கு. மூன்றையும் தாங்கும் தளம் ஒருவருக்கும் போகவில்லை. கருப்பை இறங்கினால் கருப்பையை எடுத்துவிடுவது என்ற வழக்கம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தூளி கிழிந்தால் பிள்ளையைத் தூக்கி வெளியே போடுவது போலத்தான்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. இங்கே இளம் வயதிலேயே கருப்பை இறக்கம் வந்த பெண்கள் நிறைய இருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் பிள்ளை வேண்டும், கருப்பையை எடுக்க முடியாது. பம்பாயில் வி. என். ஷிரோத்கர் (1899–1971) இதற்கு ஒரு வழி கண்டார். கருப்பையை எடுக்காமல், நாடாவால் பின்னால் இருக்கும் முதுகெலும்பின் அடிப்பகுதியோடு கட்டி மேலே நிறுத்தும் அறுவை சிகிச்சை அது. கருச்சிதைவைத் தடுக்கக் கருப்பை வாயில் போடும் "ஷிரோத்கர் தையல்" 1955இல் அவரை உலகப் புகழ் பெற வைத்தது. ஆனால் இந்த நாடா சிகிச்சையும் அதற்குக் குறைந்தது அல்ல. நம் நாட்டுப் பெண்ணின் தேவையிலிருந்து பிறந்தது இது.

நாடாவும் வலையும் எல்லா இடத்திலும் நன்மையே செய்தன என்றும் சொல்ல முடியாது. பின்னாட்களில் மேலை நாடுகளில் பிறப்புவழி வழியாகச் செயற்கை வலை வைத்துக் கருப்பை இறக்கத்தைச் சரிசெய்வது வேகமாகப் பரவியது. வலை உள்ளே அரித்து, வலியோடு வாழ்ந்த பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அந்த வகை வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. பெண்கள் சொன்ன புகாரைக் காது கொடுத்துக் கேட்க அங்கேயும் வருஷக்கணக்கு ஆயிற்று.

கத்தி இல்லாத வழி

லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்னால்ட் கெகல் என்ற மகப்பேறு மருத்துவர் 1948இல் எளிமையான ஒரு யோசனையை வெளியிட்டார். இது தசை, தசை என்றால் பயிற்சியில் வலுப்படும். அவ்வளவுதான். எந்தத் தசையை இறுக்குவது என்றே பெண்களுக்குத் தெரியவில்லை என்று கண்ட அவர், இறுக்கும் அழுத்தத்தை அளந்து காட்டும் ஒரு சின்னக் கருவியையும் செய்தார். இறுக்கும்போது முள் நகர்வதை அந்தப் பெண்ணே பார்க்கலாம். "கெகல் பயிற்சி" என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

இது வெறும் நம்பிக்கை அல்ல. 2018இல் 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரன் மதிப்பாய்வு ஒன்று வந்தது. இருமினால், தும்மினால் கசியும் வகையில், பயிற்சி செய்த பெண்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்யாதவர்களில் 6 சதவீதம்.

பிரசவத்தில் இந்தத் தசைக்கு என்ன ஆகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்ததும் சமீபத்தில்தான். 2003இல் டெலான்சி குழுவினர் முதல் பிரசவம் முடிந்த 160 பெண்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 32 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, லெவேட்டர் தசையில் சேதம் தெரிந்தது. பிள்ளை பெறாதவர்களில் ஒருவருக்கும் அது இல்லை. "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது, உண்மையில் ஒரு காயம். கை உடைந்தால் அப்படித்தான் என்று யாரும் விட்டுவிடுவதில்லையே!

இன்று

2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள், செவிலியர்கள், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் என்று பலர் சேர்ந்து இழுத்த தேர் இது. மூன்று நாள் வலியில் கிடப்பது இன்று அபூர்வம். அதனால் ஃபிஸ்டுலாவும் அபூர்வமாகிவிட்டது. ஷார்லிப்பும் ஐடாவும் முத்துலட்சுமியும் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அதே ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம். சிசேரியன் தளத்தை ஓரளவு காப்பாற்றும், முழுவதும் அல்ல. கர்ப்பகாலத்துப் பாரமும் வயதும் நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் தங்கள் பங்கைச் செய்யும்.

ஆக, சாவிலிருந்து பெண்ணைக் காப்பாற்றும் பாதி வேலை முடிந்துவிட்டது. சாகாமல் சகித்துக்கொண்டிருப்பவளைக் கேட்கும் பாதி வேலை பாக்கி இருக்கிறது. தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம் குழந்தையின் எடையைக் கேட்கிறோம். "இருமினா கசியுதாம்மா?" என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்டால் எவ்வளவோ பேர் வாய் திறப்பார்கள்.

பயிற்சிக்குச் செலவு ஒன்றும் இல்லை. காற்றை அடக்குவது போலவும் சிறுநீரை நிறுத்துவது போலவும் உள்ளே மேல்நோக்கி இறுக்க வேண்டும். சில வினாடி பிடித்து, முழுவதும் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, ஒரு நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது தவறு. கருப்பை இறங்கியிருந்தாலோ, எந்நேரமும் ஒழுகினாலோ, ரத்தம் வந்தாலோ பயிற்சியை நம்பி இருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பயிற்சியை வெளியே யாருக்கும் தெரியாமல் செய்யலாம். பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டும் செய்யலாம், ஆயிரத்தில் ஒரு பீடிகூடக் குறையாது. ஆனால் அப்படி ஒரு தசை தனக்கு இருக்கிறது என்று முதலில் யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும்.